எலிக் கொழுப்பில் எடுத்த அகவணிக் கலங்கள் பத்தாம் நாளில் காணாமற் போகின்றன

நிலாவெளி:
வணக்கம். திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தக் குழாய்களின் உட்பக்கத்தை மூடியிருக்கும் அகவணிக் கலங்களைத் தனியே வளர்க்கப் பார்க்கிறேன். ஆண் எலியின் விதையோடு ஒட்டிய கொழுப்பை நறுக்கி, இழையத்தைப் பிரிக்கும் கொலாஜினேஸ் நொதியில் 37 பாகையில் 40 நிமிடம் வைத்து, மையநீக்கியில் சுற்றி, அடியில் படிவதை எடுக்கிறேன். அதைச் சிடி31 காந்த மணிகளோடு (அகவணிக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள சிடி31 என்ற புரதத்தைப் பிடிப்பவை) அரை மணி நேரம் கலந்து பிரித்து, ஜெலட்டின் பூசிய தட்டில் விடுகிறேன். ஐந்தாம் நாள் கூழாங்கல் அடுக்கியதுபோல் கூட்டங்கள் தெரியும். பத்தாம் நாள் தட்டு முழுக்க நீண்ட கதிர் வடிவக் கலங்கள். மூன்று முறையும் இதே கதை. ஒவ்வொரு முறையும் இரண்டு எலிகள் போகின்றன, மனம் கேட்கவில்லை.

கொட்டியாரம்:
தம்பி, மணி எந்த இனத்துக்கானது? கலக்கும்போது குளிரில் வைத்தீர்களா?

நிலாவெளி:
தொப்புள்கொடி வேலைக்கு வாங்கி மிஞ்சியது அண்ணா, மனிதக் கலத்துக்கானது. மேசையில் வைத்துத்தான் கலந்தேன். அன்று கரண்டும் இல்லை.

கொட்டியாரம்:
பிழை அங்கேதான். மணியில் பூசியிருக்கும் மனித சிடி31க்கான பிறபொருளெதிரி எலியின் சிடி31ஐப் பெரும்பாலும் பிடிக்காது. அப்படியானால் காந்தத்தில் வந்தவை எவை? சூட்டில் விழுங்குகலங்கள் மணியை விழுங்கிவிடும், மற்றவை சும்மா ஒட்டிக்கொண்டு வரும். அவற்றோடு நாலு பைப்ரோபிளாஸ்ட் (கதிர் வடிவ இணைப்பிழையக் கலம்) வந்தாலே போதும், வேகமாகப் பெருகித் தட்டைப் பிடித்துவிடும்.

கூழாங்கல் வடிவத்தையும் நம்பாதீர்கள். அந்தக் கொழுப்பைப் போர்த்தியிருக்கும் மீசோதீலியக் கலங்களும் அப்படித்தான் தெரியும். வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்துக்குச் சாயமிட்டுப் பாருங்கள். அகவணியில் பிடிக்கும், மீசோதீலியத்தில் பிடிக்காது.

எலி சிடி31க்கென்று சுண்டெலியில் செய்த பிறபொருளெதிரி கிடைக்கும். முதலில் அதைக் கலத்தோடு சேர்த்து, கழுவி, பிறகு சுண்டெலிப் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் மணியை விடுங்கள். எல்லாம் 4 பாகையில். திருமலை வெக்கைக்கு, கரண்ட் போனால் மீன்வாடி ஐஸ் ஒரு பெட்டி வாங்கி வைத்தாவது செய்யுங்கள்.

பாலையூற்று:
இன்னொன்று. கட்டியாக இருந்தால் மணி கட்டியையே இழுத்து வரும், உள்ளே பைப்ரோபிளாஸ்ட் ஒளிந்திருக்கும். மணி போடுமுன் 40 மைக்ரோன் வலையில் வடியுங்கள். அப்புறம் ஆறாம் நாள் அளவில், கூட்டங்கள் சிறிதாக இருக்கும்போதே டிரிப்சின் நொதியில் தட்டிலிருந்து கழற்றி, அதே பிறபொருளெதிரியோடும் மணியோடும் இரண்டாம் முறை பிரித்தெடுங்கள். எனக்குக் கைகொடுத்தது அந்த இரண்டாம் தடவைதான்.

நிலாவெளி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எலிக்கான பிறபொருளெதிரி, ஐஸ், வலை, இரண்டு தடவை பிரிப்பு, எல்லாம் செய்தேன். இன்று 12ஆம் நாள். கலங்கள் குறைவுதான், ஆனால் கதிர் வடிவம் ஓரத்தில் மட்டுமே. வில்லிபிராண்ட் சாயம் கலத்துக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அண்ணா, அக்கா, மிக்க நன்றி.