உள்ளடக்க வடிகட்டியா, வலையரியா?

மதுரையிலிருந்து, திங்கள்:
வணக்கம். பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்காக, பிள்ளைகளுக்கு ஆகாத வலைப்பக்கங்களைத் தடுக்கும் ஈ2கார்டியன் மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'கன்டென்ட் ஃபில்டர்' திரைக்குத் திரை வருகிறது. இப்போதைக்கு 'உள்ளடக்க வடிகட்டி' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

தஞ்சையிலிருந்து:
உண்டு. சோறு வடித்தால் வேண்டியது பானையில் நிற்கும். தேநீர் வடித்தால் வேண்டாதது நிற்கும். இரு பக்கமும் சாயும் சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது. நன்னூலார் கடை மாணாக்கனுக்குச் சொன்ன உவமைகளில் நெய்யரியும் ஒன்று. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடை. மாணாக்கனுக்கு அது இழுக்கு. மென்பொருளுக்கு அதுதானே வேலை! 'வலையரி' என்று வைப்போம்.

சென்னையிலிருந்து:
ஐயா, நான் வகுப்பெடுப்பவள். வலையரி என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை 'வலையை எலி அரித்துவிட்டதா மிஸ்?' என்று கேட்கும். 'அரிப்பான்' என்று மட்டும் யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள், வகுப்பே சொறியும். ஃபில்டர் என்றே போட்டால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து:
மா அரிக்கிறதுக்கு எங்கட வீடுகளில இண்டைக்கும் அரிதட்டுத்தான். 'அரி' செத்த சொல் இல்லை. ஆனா தஞ்சை ஐயா, அரிதட்டிலயும் கட்டிதான் மேல நிக்கும், கீழ விழுறதைத்தான் நாங்கள் எடுக்கிறம். அரிக்கன்சட்டியில அரிசி அரிச்சா கல் அடியில நிக்கும். கசடு ஒருக்கா மேல, ஒருக்கா அடியில; 'அரி'யும் ரெண்டு பக்கமும் சாயும்தான்.

நியூஜெர்சியிலிருந்து:
இந்த ஊரில் இணையக் கட்டணச் சலுகை வாங்கும் பள்ளிகள் இதை வைத்தே ஆக வேண்டும் என்று 2000-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே இதற்குத் 'தொழில்நுட்பப் பாதுகாப்பு நடவடிக்கை' என்று பெயர் வைத்துப் பூசி மெழுகுகிறது. பச்சையாகச் சொன்னால் தணிக்கை. அப்படியே எழுதுங்களேன்.

கோவையிலிருந்து:
பள்ளி வலையமைப்பைப் பராமரிப்பவன் என்ற முறையில் ஒன்று. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது பக்கத்தை மறையாக்கி அனுப்பும் முறை. ஒவ்வொரு கணினியிலும் பள்ளியின் சான்றிதழை நிறுவினாலொழிய உள்ளடக்கம் கண்ணிலேயே படாது; தளத்தின் பெயர்தான் தெரியும். ஆகவே நேர்மையான பெயர் 'தளத் தடுப்பான்'.

உள்ளடக்கத்தைப் பார்த்தால் இன்னும் வம்பு. மென்பொருள் சொல்லுக்குச் சொல் மதிப்பெண் போட்டுக் கூட்டும். சிறு பிள்ளைகளுக்கு 50, பெரிய பிள்ளைகளுக்கு 100 என்று வைத்த வரம்பைத் தாண்டினால் பக்கம் மூடப்படும். ஒரு பள்ளியில் யாரோ 'காம' என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள் கட்டுரைக்குக் காமராசரைத் தேடிய பிள்ளைகளுக்குச் சிவப்புத் திரை! முன்னும் பின்னும் இடைவெளி விட்டு 'காமம்' என்று எழுதினால் காமராசர் தப்பிப்பார். ஆனால் 'காமத்தை', 'காமத்தால்' எல்லாமும் தப்பிவிடும். ஆங்கிலத்துக்குச் செய்த ஏற்பாட்டில் நம் வேற்றுமை உருபு எங்கே போய் ஒட்டும்?

தஞ்சையிலிருந்து:
காமம் தூய தமிழ் என்பது என் கட்சி. 'கமம் நிறைந்தியலும்' என்பது தொல்காப்பியம். கமம் நீண்டு காமம் ஆயிற்று என்பேன். அதைத் தடுத்தால் குறளில் 250 போகும். இடமுலை திருகி எறிந்த கண்ணகியும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்களுக்குக் கமம் எண்டா வயலும் விவசாயமும்தான். நிறைவெல்லாம் அறுவடைக்குப் பிறகு.

சென்னையிலிருந்து:
மதுரைக்காரருக்கு வியாழக்கிழமை கெடு என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா?

மதுரையிலிருந்து, புதன் இரவு:
நிர்வாகிக்கான பட்டிகளில் (மெனு) 'வடிகட்டி'. 'உள்ளடக்க' என்பதை எடுத்துவிட்டேன். கோவையார் சொன்னது நியாயம், இடமும் மிச்சம். 'தணிக்கை' போட்டால் கல்வித்துறையில் யாரும் கையெழுத்திட மாட்டார்கள். பிள்ளைகள் பார்க்கும் திரையில் பெயரே வேண்டாம்: 'இந்தத் தளம் பள்ளியில் திறக்காது. பாடத்துக்குத் தேவையென்றால் ஆசிரியரிடம் சொல்லவும்.' காலையில் அனுப்பிவிடுவேன்.

தஞ்சையிலிருந்து:
அனுப்புங்கள். வலையரிக்கு என் ஒரு வாக்கு இருந்தது என்று சொற்பட்டியலில் குறித்துவையுங்கள். கமம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.