எட்டு நாள் மழை நடைக்கு வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

புதுநடையன்:
வணக்கம். அடுத்த மாதம் எட்டு நாள் மலை நடை. மொத்தம் 150 கிலோமீட்டர், முதுகுப்பை 12 கிலோ வரும். மழை உறுதி. வழியில் நான்கு ஓடைகளைக் காலால் கடக்க வேண்டும். இதுவரை ஒரு நாள் நடைகள்தான் போயிருக்கிறேன், பழைய ஓட்ட ஷூவிலேயே சமாளித்தேன். போன முறை மூன்று மணி நேர மழையில் சாக்ஸ் ஊறி, இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதனால் இந்த முறை கணுக்காலை மூடுகிற வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

இலேசுக்கால்:
முடிவு செய்துவிட்டுக் கேட்கிறீர்கள். பரவாயில்லை, காசு இன்னும் கையில்தானே இருக்கிறது.

வாட்டர்ப்ரூஃப் பூட்ஸில் ஒரு பெரிய ஓட்டை எப்போதும் உண்டு. நீங்கள் காலை நுழைக்கிற வாய். ஓடையில் முழங்கால் வரை இறங்கினால் தண்ணீர் அந்த வழியாக வந்து நிறையும். வெளித்தண்ணீரை உள்ளே விடாத அதே சவ்வு, உள்ளே வந்ததை வெளியேயும் விடாது. அப்புறம் நீங்கள் காலில் மாட்டியிருப்பது இரண்டு வாளி. நாள் முழுக்க மழை என்றால் ஓடைகூடத் தேவையில்லை, கால் வழியாக வழிந்து சாக்ஸைப் பிடித்துக்கொண்டு தானாகவே உள்ளே இறங்கும்.

நான் போடுவது வலைத்துணி ட்ரெய்ல் ஷூ, மலைப்பாதைக்கென்றே செய்த இலேசான ஷூ. நனையும், சந்தேகமே இல்லை. ஆனால் ஓடையைத் தாண்டி ஐம்பது அடி வைப்பதற்குள் பாதித் தண்ணீரை ஷூவே பிழிந்து தள்ளிவிடும். மழை விட்டால் நடக்க நடக்கக் காயும். பூட்ஸ் உள்ளே நனைந்தால் மறுநாளும் சொதசொததான்.

எம்மா கேட்வுட் என்ற அம்மா 1955-இல், தன் 67-ஆவது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தைத் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. நீங்கள் எட்டு நாளுக்குக் கவசம் தேடுகிறீர்கள்.

முரட்டுத்தோல்:
கேட்வுட் பாட்டி வந்துவிட்டாரா! இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் பத்தாவது பதிவுக்குள் அவர் வந்துவிடுவார், இன்று இரண்டாவதிலேயே. அவர் கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். தோளில் தானே தைத்த ஒரு துணிமூட்டை, கூடாரமும் கிடையாது, தூக்கப்பையும் கிடையாது. 12 கிலோ சுமக்கிறவரை அவரோடு ஒப்பிட முடியாது.

வாளிக் கதைக்கு வருவோம். ஓடையில் பூட்ஸோடு இறங்கச் சொன்னது யார்? கழற்றிப் பையில் கட்டிவிட்டு, பட்டை வைத்த செருப்பில் கடந்து, அக்கரையில் காலைத் துடைத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். புதுநடையன் சொல்வது நான்கு ஓடை. ஆனால் ஈரப்புல்லும் சேறும் எட்டு நாளும் இருக்கும். விடிகாலையில் இடுப்பளவு புல் நடுவே ஒற்றையடிப் பாதையில் அரை மணி நடந்து பாருங்கள், மழையே வேண்டாம், பனித்துளியிலேயே வலைத்துணி தொப்பலாகிவிடும். என் தோல் பூட்ஸ் அங்கே வெளியே கறுத்து ஈரமாகத் தெரியும், உள்ளே சாக்ஸ் காய்ந்திருக்கும். போட்ட காசு வசூலாவது அந்த அரை மணியில்தான்.

குளிரை மறந்துவிட்டீர்களே. ஈரக்கால் வெயிலில் தொல்லை, அவ்வளவுதான். ஐந்து டிகிரியில் அது ஆபத்து. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் குளிர்ந்த ஈரத்தில் நின்றவர்களுக்குக் கால் மரத்து அழுகியது. ட்ரெஞ்ச் என்றால் பதுங்குகுழி, ட்ரெஞ்ச் ஃபுட் என்ற பெயரே அதனால்தான் வந்தது.

இலேசுக்கால்:
பதுங்குகுழியில் நின்றவர்கள் சாக்ஸ் மாற்ற வழியில்லாமல் நின்றவர்கள். நாம் இரவு கூடாரத்துக்குள் காலைத் துடைத்து, காய்ந்த சாக்ஸ் போட்டுத் தூங்குகிறோம்.

எடையைப் பேசுவோம். நல்ல தோல் பூட்ஸ் ஜோடி 1,300 கிராம், என் ஷூ 600. ஒரு காலுக்கு 350 கிராம் வித்தியாசம். ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது என்று ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு காலையும் சுமார் 14,000 முறை தூக்கி வைக்கிறீர்கள். 350 கிராமால் பெருக்குங்கள். ஒரு காலுக்கே கிட்டத்தட்ட 5 டன்.

கணுக்கால் காப்பு என்பதும் பெரும்பாலும் நம்பிக்கைதான். 1993-இல் கல்லூரிக் கூடைப்பந்து ஆடிய 622 பேரை வைத்து உயரமான ஷூவையும் தாழ்வான ஷூவையும் ஒப்பிட்டார்கள். சுளுக்கு விழுவதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

முரட்டுத்தோல்:
டன் கணக்கு அருமை. உங்கள் சொந்தக் காலின் எடையையும் சேர்த்துப் பெருக்கியிருந்தால் மாலைக்குள் மலையையே தூக்கியிருப்பீர்கள்.

கூடைப்பந்து மைதானத்தில் கல் கிடையாது, வேர் கிடையாது, முதுகில் பையும் கிடையாது. சரி, சுளுக்கை விட்டுவிடுகிறேன், அதில் என்னிடமும் ஆதாரம் இல்லை. ஆனால் சரிந்து கிடக்கும் கற்களுக்கு நடுவே இறங்கும்போது கணுக்கால் எலும்பில் ஒரு கல் இடித்தால் தெரியும், உயரமான தோல் எதற்கென்று. மெல்லிய சோலில் நாள் முழுக்கக் கூர்கல்லை மிதித்தால் பாதத்தின் அடி எரியும்.

கொப்புளராணி:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். கேட்டவருக்கு வந்த பிரச்சினை கொப்புளம், நீங்கள் உலகப்போரில் நிற்கிறீர்கள்.

புதுநடையன், மூன்று கேள்வி. அன்றைக்குப் போட்டிருந்த சாக்ஸ் என்ன துணி? மேடு ஏறும்போது குதிகால் ஷூவுக்குள் மேலே எழும்பியதா? எரிச்சல் தொடங்கியதும் நின்று பார்த்தீர்களா?

ஈரம் மட்டும் கொப்புளம் போடாது. ஊறிய தோல் மிருதுவாகி, சாக்ஸோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் எலும்பு முன்னும் பின்னும் அசைய, மேல்தோல் சாக்ஸோடு நின்றுவிடும். நடுவில் இழுபடுகிற அடுக்கு கிழிந்து, அங்கே நீர் கோக்கும். அந்த ஈரம் மழையா வியர்வையா என்று தோல் பார்ப்பதில்லை. வாட்டர்ப்ரூஃப் பூட்ஸுக்குள் வியர்வையிலேயே ஊறிக் கொப்புளம் போட்டவள் நான். ஒரு சொட்டு மழை இல்லாத நாளில்.

புதுநடையன்:
அக்கா, பருத்தி சாக்ஸ். குதிகால் எழும்பியது, ஷூ கொஞ்சம் தளர்வு. எரிச்சல் வந்தது, முகாம் பக்கத்தில்தானே என்று நடந்துவிட்டேன்.

கொப்புளராணி:
மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. மெரினோ கம்பளி, இல்லையென்றால் செயற்கை இழை. அப்புறம், எரிச்சல் தெரிந்த அந்த நிமிடமே உட்கார்ந்து கழற்றி டேப் ஒட்ட வேண்டும். "பக்கத்தில்தானே" என்ற சொல்லுக்குள்தான் எல்லாக் கொப்புளமும் இருக்கிறது.

முரட்டுத்தோல்:
வியர்வைக்காகத்தானே மூச்சு விடுகிற சவ்வு வந்தது? கோர்-டெக்ஸ் மாதிரிச் சவ்வில் நீராவி வெளியே போகும், நீர்த்துளி உள்ளே வராது.

ஊசிநூல்:
இதற்கு நான் பதில் சொல்லலாம். காலணி பழுது பார்ப்பதுதான் என் தொழில், இருபது வருடமாக.

சவ்வு வேலை செய்கிறது, அதில் பொய் இல்லை. பாப் கோர் 1969-இல் சூடேற்றிய டெஃப்லான் தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்து போகாமல், கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு பல மடங்கு நீண்டது. அதுதான் அந்தச் சவ்வின் தொடக்கம். ஆனால் நீராவி தானாக வெளியே ஓடாது. உள்ளே ஈரமும் சூடும் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் நன்றாகப் போகும். வெதுவெதுப்பான மழை நாளில் வெளியேயும் ஈரம் நிறைந்திருக்கும், தள்ள ஆளில்லை. அதோடு, வெளித்துணியில் நீர் ஒட்டாதிருக்கப் பூசும் பூச்சு சேற்றிலும் உராய்விலும் போய்விட்டால், துணியே தண்ணீரைக் குடித்துச் சவ்வின்மேல் ஈரப்போர்வையாகப் படுத்துவிடும். சவ்வு ஒழுகாது, ஆனால் மூச்சு நின்றுவிடும். உள்ளே கை விட்டுப் பார்த்துவிட்டு "ஒழுகுகிறது" என்று கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருடையது வியர்வைதான்.

நிஜமாகவே ஒழுகுவது எங்கே என்றால், கால்விரல்கள் மடங்கும் இடத்தில், சுண்டுவிரல் பக்கம். பூட்ஸை வளைத்துப் பிடித்தால் அங்கே ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்புக்குள் மணல் போய் உட்காரும், ஒவ்வொரு அடியிலும் அரைக்கும். உள்பக்கம் வெட்டாத நகம் சுரண்டும். வலைத்துணி ஷூ கிழிந்தாலும் ஷூதான். சவ்வில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் வாட்டர்ப்ரூஃப் என்ற பேச்சு முடிந்தது, அதை என்னாலும் ஒட்டித் தர முடியாது.

இன்னொன்று. பாலியூரித்தேன் என்ற நுரையில் நடுசோல் வைத்த பூட்ஸை ஆறேழு வருடம் அலமாரியில் வைத்துவிட்டு நேராக மலைக்குப் போகாதீர்கள். காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைத்துவிடும். வெளியே புதுசு மாதிரி இருக்கும், இரண்டாவது மணி நேரத்தில் சோல் பிட்டுப் பிட்டு உதிரும். தள்ளுபடியில் பழைய இருப்பு வாங்கினாலும் இதே கதை.

ஈரமானதை நெருப்போரம் வைக்காதீர்கள். பசை விடும், தோல் சுருங்கும். செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

இலேசுக்கால்:
அண்ணா என் பக்கம்!

ஊசிநூல்:
யார் பக்கமும் இல்லை தம்பி. உங்கள் வலைத்துணி ஷூ 600, 700 கிலோமீட்டரில் சோல் தேய்ந்து, நுரை அமுங்கி என்னிடம் வரும், தூக்கிப் போடுங்கள் என்பேன். தைத்த தோல் பூட்ஸுக்கு இரண்டு முறை சோல் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குக் கவலை அளவு. புதுநடையன், மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், நடந்து நடந்து கால் வீங்கிய பிறகு. நடைக்கு வைத்திருக்கிற அதே சாக்ஸோடு. முதலில் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். விரல் ஓரம் வெளியே பிதுங்கினால் அந்த ஷூவை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். நீள விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடைசியாகப் பையை மாட்டிக்கொண்டு சரிவிலோ படியிலோ இறங்குங்கள். நகம் முன்னால் முட்டினால் அது இரண்டாம் நாளில் கறுக்கும் நகம்.

கொப்புளராணி:
யாரும் கேட்காத ஒன்று: எவ்வளவு குளிரும்?

புதுநடையன்:
முதல் ஆறு நாள் பகலில் 20 டிகிரிக்கு மேல். கடைசி இரண்டு நாள் உச்சிப் பக்கம், காலையில் 3, 4 டிகிரி.

முரட்டுத்தோல்:
அப்படியென்றால் அந்த இரண்டு நாளுக்காகவே பூட்ஸ்.

இலேசுக்கால்:
இரண்டு நாளுக்காக ஆறு நாள் காலை வேக வைப்பதா? வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு போனால் போதும்.

புதுநடையன்:
நேற்று மாலை போய்ப் போட்டுப் பார்த்தேன். 12 கிலோ பையோடு படியில் முப்பது தடவை ஏறி இறங்கியிருப்பேன், பார்த்தவர்கள் என்னவோ நினைத்திருப்பார்கள். உயரமான தோல் பூட்ஸில் 42 முட்டியது, 43-இல் குதிகால் எழும்பியது. மேல் துளை இரண்டில் லேஸை வளையமாக்கிக் கோத்து இறுக்கியதும் பாதி சரியானது, முழுதாக இல்லை. அதே 43-இல் தாழ்வான வலைத்துணி ஷூ ஒன்று, சவ்வு இல்லாதது, போட்டதுமே உட்கார்ந்தது. அதையே வாங்கிவிட்டேன். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, கடைசி இரண்டு நாளுக்கு வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் ஒரு ஜோடி.

முரட்டுத்தோல்:
வாட்டர்ப்ரூஃப் சாக்ஸுக்கும் மேலே வாய் உண்டு. அந்த வாளியைப் பற்றி மட்டும் இலேசுக்கால் வாயே திறக்கவில்லை.

இலேசுக்கால்:
சாக்ஸைக் கழற்றிப் பிழியலாம். உங்கள் பூட்ஸைப் பிழிந்து காட்டுங்கள்.

புதுநடையன்:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். இன்று பையோடு 12 கிலோமீட்டர் நடந்தேன். குதிகாலில் ஒன்றும் இல்லை. வலது சுண்டுவிரல் ஓரம் மட்டும் லேசாகச் சூடு. அக்கா சொன்னபடி உடனே நின்று டேப் ஒட்டினேன். மாற்றிவிடலாமா?

ஊசிநூல்:
அவசரப்படாதீர்கள். அந்த விரலுக்கு நேரே இருக்கும் லேஸ் துளையை மட்டும் விட்டுவிட்டுக் கோத்து, இன்னொரு 12 கிலோமீட்டர் நடந்துவிட்டுச் சொல்லுங்கள்.