புதுப்பிப்பு: வாடகைக் கார் இல்லாமல் பிரிஸ்பேனில் குடும்பச் சுற்றுலா

பிள்ளைகளோடும் வயதான மாமியாரோடும் பிரிஸ்பேன் செல்வதற்கு வாடகைக் கார் அவசியமா என்று முன்பு கேட்டிருந்தேன். நகருக்குள் அவசியமே இல்லை என்பதுதான் போய்வந்தபின் என் பதில். 2024 ஆகஸ்ட் முதல் மாநில அரசு பேருந்து, ரயில், படகு எதற்கும் பயணத்துக்கு 50 சென்ட் மட்டுமே வசூலிப்பதால், எங்கள் பிள்ளைகள் ஆற்றில் ஓடும் சிட்டிகேட் (CityCat) பயணிகள் படகையே கேளிக்கையாக்கிக்கொண்டு, முன்தளத்தில் நின்றபடி, ஸ்டோரி பாலத்தின் அடியில் நுழையும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கூச்சலிட்டார்கள். (மாமியாரும் ஒருமுறை சேர்ந்துகொண்டார்.) 1988 உலகக் கண்காட்சி நடந்த இடத்தில் அமைந்திருக்கும் சவுத் பேங்க் செயற்கைக் கடற்கரைக்குக் கட்டணமே கிடையாது. கோலாக்களுக்குப் பெயர்பெற்ற லோன் பைன் சரணாலயத்துக்கும் பேருந்து உண்டு. நகருக்கு வெளியே உள்ள டேம்போரின் மலைக்குச் செல்வதானால் மட்டும் ஒருநாள் கார் எடுத்துக்கொள்வது நல்லது.