‘மெஷின் கன்’ போட்ட அன்று வீட்டில் நடந்தது

ஹட்டன் லயத்துப் பையன்:
ஜெர்மன் சாக்ஸபோன்காரர் புரோட்ஸ்மானின் ‘மெஷின் கன்’ என்ற ஃப்ரீ ஜாஸ் இசைத்தட்டைக் கேட்ட கதையை எல்லாரும் எழுதுகிறீர்கள், என்னுடையது இது. நல்ல அடைமழை, தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், ஸ்பீக்கரை வைத்து முழுக்கக் கூட்டிவிட்டேன். மூன்று சாக்ஸபோனும் சடசடவென்று கிளம்பியதும், ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாயி மாவுக் கையோடு வெளியே ஓடிவந்து ஸ்டோர்ப் பக்கம், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் பார்த்து, “ரோதையில யாரோ மாட்டிக்கிட்டாங்கடா” என்றார். ரோதை என்றால் அங்கே ஓடுகிற இயந்திரம். எனக்குச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை, இளவயதில் ஸ்டோரில் வேலை செய்தவர். தாளமே இல்லாமல் தப்புப் பறை அடிப்பது மாதிரி அந்த இசை, இப்போது போட்டாலும் முதலில் அந்த மாவுக் கைதான் வருகிறது.

பதுளைக்காரன்:
தப்புக்குத் தாளம் இல்லையா? காலையில் வேலைக்குக் கூப்பிடுகிற பிரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு வேறு அடி. அந்தத் தட்டில் இரண்டு டிரம்ஸ்காரர்கள், ஹான் பென்னிங்க் ஒருவர், ஸ்வென்-ஓகே யோஹான்சன் ஒருவர், அவர்களை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், அப்புறம் பேசுவோம். நான் கேட்டது எல்ல என்கிற ஊர்ப் பக்கம் பஸ்ஸில், ஒரு காது மட்டும் வேலை செய்த ஹெட்போனில், பாதியிலேயே தலை சுற்றி இறங்கிவிட்டேன். அது வளைவாலும் இருக்கலாம்.

கொட்டகலை:
தம்பி, ஸ்பீக்கரில் போட்டதே பிழை. 1968 மே மாதம் பிரெமனில் ஒரு கிளப்பில் எட்டுப் பேர் நின்று பதிந்தது, புரோட்ஸ்மானே 300 பிரதி அடித்து வெளியிட்டார், அதை மழையோடு போட்டியிட விட்டால் எப்படி? முதலில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஓர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ கேளுங்கள், 1960இல் பதிந்தது, இடது காதில் நாலு பேர், வலது காதில் நாலு பேர், நல்ல ஹெட்போன் கட்டாயம், ஒரே மூச்சில் 37 நிமிடம். பிறகு லாஸ்ட் எக்ஸிட் என்ற குழு, அதிலும் புரோட்ஸ்மான்தான், கூட சோனி ஷாரக்கின் கிட்டார், இரைச்சல் ராக் பிடிக்கிறவர்களுக்கு அங்கேதான் கதவு திறக்கும். கடைசியில்தான் ‘மெஷின் கன்’, அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம். என் அனுபவமா? பக்கத்துக் காம்பராவில் சுவரைத் தட்டினார்கள், அவ்வளவுதான்.

ஹட்டன் லயத்துப் பையன்:
சரி அண்ணே, தப்பு விஷயத்தில் பதுளைக்காரர் சொன்னதுதான் சரி, வாபஸ். ஹெட்போன் வாங்கக் காசில்லை. இப்போதெல்லாம் மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அம்மாயி ஸ்பீக்கர் வயரைக் கழற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிடுகிறார்.