'லெட் இட் பி' பழைய கேசட்: அந்த இருட்டு படத்திலா, டேப்பிலா?

மாடிக்கச்சேரி:

2024 மே 8 அன்று டிஸ்னி பிளஸில் பீட்டில்ஸின் பழைய ஆவணப்படம் 'லெட் இட் பி' புதுப்பித்து வந்ததிலிருந்து பழைய பீட்டில்ஸ் ரசிகர்கள் ஒரே பாட்டாகப் பாடுவது இதுதான்: "நாம பார்த்த படம் இது இல்லையே!" கேசட்டில் பார்த்தவர்களுக்கு அது மங்கலான, சிவப்பு வழிகிற, மூஞ்சி சரியாகத் தெரியாத படம். நாலு பேரும் ஒருவரை ஒருவர் சகிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற படம். புதியதில் நிறம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சிரிப்புகூட இருக்கிறது.

என்னிடம் இருப்பது பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்த ஒரு வி.எச்.எஸ். கேசட். கடையில் விற்ற அசல் இல்லை, நகல். கேட்க நினைப்பது: அந்தச் சோகக்களை படத்திலேயே இருந்ததா, பிரிண்ட்டும் டேப்பும் சேர்ந்து பூசியதா? இந்தக் கேசட்டை அதன் பழைய முகம் மாறாமல் கம்ப்யூட்டரில் ஏற்ற என்ன வழி? இன்னொன்று, பாட்டெல்லாம் ஆல்பத்தைவிடக் கொஞ்சம் துள்ளலாக, சுருதி ஏறினாற்போல் கேட்கிறது. டெக் பழுதா?

நெகட்டிவ்பெட்டி:

இரண்டும்தான், ஆனால் பெரும்பங்கு பிரிண்ட்டுடையது.

படம் பிடித்தது 1969 ஜனவரி 2 முதல் 31 வரை. முதலில் ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோ, பிறகு லண்டன் சாவில் ரோ 3-ஆம் எண்ணில் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் கட்டடத்து அடித்தளம், 30-ஆம் தேதி அதே கட்டடத்தின் மொட்டைமாடி. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கென்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்ததால் 16 மி.மீ. ஃபிலிம். தியேட்டருக்கு என்று முடிவானதும் அதை 35 மி.மீ.க்குப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கும்போது துகளும் பெரிதாகும், கான்ட்ராஸ்ட் ஏறும், நிழல் பகுதிகள் அடைத்துக்கொள்ளும். அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டு. 1980களின் தொடக்கத்தில் கேசட் போட்டபோது, ஏற்கெனவே வெட்டிய அந்த 35 மி.மீ. படத்தையே டிவி சட்டத்துக்காகப் பக்கவாட்டிலும் வெட்டினார்கள். கேசட்டில் எல்லோர் முகமும் திரையை முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். நெருக்கமாக எடுத்த ஷாட் என்று பலர் நினைத்தது உண்மையில் இரண்டு முறை கத்தரி போட்ட ஷாட்.

நிறத்துக்கு வருவோம். ட்விக்கன்ஹாமில் பின்திரை முழுக்க வண்ண விளக்குகளைப் பாய்ச்சியிருந்தார்கள். வி.எச்.எஸ். ஒளிவிவரத்தைக் கிட்டத்தட்ட 3 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். நிறவிவரத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. சிவப்பும் ஊதாவும்தான் முதலில் வழியும். நகலுக்கு நகல் இந்த வழிசல் கூடிக்கொண்டே போகும். புதுப்பித்த பதிப்பு அசல் 16 மி.மீ. நெகட்டிவிலிருந்தே எடுத்தது, இடையில் இருந்த இத்தனை படிகளும் அதில் கிடையாது.

ஆனாலும் சோகம் முழுக்க லேபரட்டரியின் வேலை என்று சொல்லிவிட முடியாது. இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் தேதியும் போடவில்லை, பின்னணிக் குரலும் வைக்கவில்லை. யார் யார் என்று பெயர்கூட வராது. பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் உரசிக்கொள்கிற காட்சி உண்டு. ஜனவரி 10 அன்று ஜார்ஜ் குழுவை விட்டே போனதும் திரும்பி வந்ததும் படத்தில் இல்லை. 22-ஆம் தேதி கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டன் வந்து உட்கார்ந்ததும் அறையின் காற்றே மாறுகிறதே, அதையும் விளக்கமில்லாமல் கடந்துபோகிறது. அதோடு படம் வெளியானது 1970 மே மாதம். பால் விலகிய செய்தி வந்தது அதே ஆண்டு ஏப்ரல் 10. பார்த்தவர்கள் பிரிவைத் தேடிக்கொண்டே பார்த்தார்கள், கிடைத்தது.

2021-இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 'கெட் பேக்' தொடரை அதே ஜனவரியில் எடுத்த ஏறத்தாழ 60 மணி நேரப் படச்சுருளிலிருந்தும் 150 மணி நேர ஒலிநாடாவிலிருந்தும் கட்டினார். மூன்று பகுதியும் சேர்ந்து 468 நிமிடம். நாள் நாளாக நகர்வதால் சண்டையும் சிரிப்பும் அதனதன் இடத்தில் விழுகின்றன. அதைப் பார்த்துவிட்டு 80 நிமிடப் பழைய படத்துக்கு வருகிறவர்கள் அதிலும் சிரிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். சிரிப்பு முன்பும் அங்கேதான் இருந்தது, கேசட்டின் நிழலுக்குள்.

டெக்ஹெட்:

மாடிக்கச்சேரி சார், டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டின் மூடியைத் தூக்கி, ஜன்னல் வழியாகவும் டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்தோ நூல் நூலாகவோ இருந்தால் பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது. ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். பதிவுத் தடுப்புத் துண்டு இன்னும் உடையாமல் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். குளிர்ந்த இடத்தில் இருந்த கேசட் என்றால் ஒரு நாள் அறைவெப்பத்தில் வையுங்கள். பிறகு கடைசிவரை ஓட்டி, முழுக்கத் திருப்பிச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த சுருளில் இறுக்கம் ஓரிடத்தில் ஒரு மாதிரியாக இருக்கும். சுற்றாமல் நேரே ஓட்டினால் படத்தின் மேல்விளிம்பு கொக்கிபோல் வளையும். ஓடு உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அடியில் ஐந்து திருகு, கழற்றிச் சுருளை வேறு ஓட்டுக்கு மாற்றிவிடலாம்.

ஹெட் சுத்தம்: மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத தாளையோ ஷாமி தோலையோ டிரம்மில் (ஹெட் பதித்த சுழலும் உருளை) அசையாமல் பிடித்து, டிரம்மை மேலிருந்து விரலால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை ஒடியும். காது குடையும் பஞ்சுக்குச்சி கிட்டவே வரக்கூடாது. அதன் நூல் ஹெட்டில் மாட்டும்.

டெக் தேர்வில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். எஸ்-வீடியோ வெளியீடும் உள்ளேயே லைன் டிபிசியும் (சிக்னலின் நேரப்பிழையைத் திருத்தும் சுற்று) உள்ள, எஸ்-வி.எச்.எஸ். என்ற உயர்தர டெக் கிடைத்தால் அதுதான். நேர்க்கோடுகள் நெளிவதை லைன் டிபிசி நிமிர்த்தும். ஆனால் கேப்சர் கருவி (டேப் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது) ஃபிரேம்களைத் தவறவிடுவதை அது முழுசாகத் தடுக்காது. அதற்கு ஃபிரேம் டிபிசி வேண்டும். அது கிடைக்காதவர்கள் நல்ல டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து, பதிவு செய்யாமல் சிக்னலை மட்டும் கடத்துவார்கள். எல்லா மாடலும் இதற்கு உதவாது, பெரும்பாலான கேசட்டுக்கு இதுவே போதும். டெக்கில் ஷார்ப்னஸ் பட்டன் இருந்தால் நடுவிலோ 'எடிட்' நிலையிலோ வையுங்கள். டிராக்கிங்கைத் தானியங்கியில் விட்டு, அடியில் பனி விழுந்தால் மட்டும் கையால் திருப்புங்கள்.

கேப்சர் அமைப்பு: 720×576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் இரண்டு ஃபீல்டாகப் போவது) அப்படியே, நிறம் 4:2:2, கோடெக் தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவ் அல்லது லகரித். மணிக்கு ஏறக்குறைய 30 ஜிபி ஆகும். இந்தப் படத்துக்கு 40 ஜிபி ஒதுக்குங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத பிசிஎம். விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் எடுக்கும்போது ஓரத்தில் ஓடும் 'டிராப்' (தவறிய ஃபிரேம்) எண்ணிக்கை ஒன்றிரண்டுக்கு மேல் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். பின்னால் உதடும் பாட்டும் விலகும். இசைப்படத்தில் அதைவிட எரிச்சல் கிடையாது.

இந்தக் கேசட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை. படம் இருட்டு, டேப்பில் கறுப்பு இன்னும் கீழே இறங்கியிருக்கும். கேப்சர் கருவி, டிஜிட்டல் வீடியோவில் கறுப்பின் அளவான 16-க்குக் கீழே போகிற கறுப்பை நறுக்கிவிட்டால் அந்த விவரம் போனது போனதுதான். எனவே பதிவுக்கு முன் ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) திறந்து, ட்விக்கன்ஹாம் காட்சிகளில் மிக இருண்ட ஒரு இடத்தையும், மாடிக் காட்சியில் வெளுத்த வானத்தையும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஓரமும் சிவப்பைத் தொடாத அளவுக்கு பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டைப் பதிவின்போதே அமைக்க வேண்டும். சுற்றியுள்ள கறுப்பு விளிம்பைக் கணக்கில் சேர்க்காமல் அளவிடுங்கள், இல்லையென்றால் அதுவே ஏமாற்றும்.

படத்தின் அடியில் ஏழெட்டு வரி கிழிந்தாற்போல் தெரியும். ஹெட் மாறும் இடம் அது. பாதுகாப்புப் பிரதியில் வெட்டாதீர்கள், பார்க்கும் பிரதியில் கறுப்பால் மூடினால் போதும்.

பார்க்கும் பிரதிக்கு டிஇன்டர்லேஸ் (இரண்டு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக்கும் வேலை) போட எல்லோரும் கை ஓங்குவார்கள். இது ஃபிலிமிலிருந்து வந்தது. பால் முறையில் ஒரு ஃபிலிம் ஃபிரேம் இரண்டு ஃபீல்டாகப் போகிறது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தே இருந்தால் தொடவே வேண்டாம். ஒரு ஃபீல்டு தள்ளி விழுந்து சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டிஎஃப்எம் என்ற ஃபில்டர் வைத்து மறுபடி சேர்க்கலாம். இங்கே க்யூடிஜிஎம்சி என்ற டிஇன்டர்லேஸ் ஃபில்டரைப் போடுவது தேவையில்லாமல் படத்தைக் குழைப்பது.

சுருதிப்பெட்டி:

வேகம் பற்றிய கேள்வி இன்னும் பாக்கி. டெக் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. தியேட்டர் பிரிண்ட் நொடிக்கு 24 ஃபிரேம். பால் டிவி 25. பழைய நாட்களில் 24-ஐ 25 ஆக்கி அப்படியே ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதம் முந்தும், சுருதி 70 சென்ட் ஏறும் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்). அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது கீபோர்டில் எந்தக் கட்டைக்கும் பொருந்தாத இடம்.

சோதிக்க இரண்டு வழி. முதல் வழிக்குக் கீபோர்டு போதும். தலைப்புப் பாட்டு சி மேஜர். டேப்போடு சேர்த்து வாசித்தால் சி-யும் ஒட்டாமல், சி ஷார்ப்பும் ஒட்டாமல் இருந்தால் பால் முந்தல்தான். இரண்டாவது துல்லியமானது. ஆல்பத்தில் உள்ள 'ஒன் ஆஃப்டர் 909' மொட்டைமாடியில் பாடிய அதே பாட்டு, அதே பதிவு. ஆல்பத்திலும் டேப்பிலும் முதல் சொல்லுக்கும் கடைசி வரிக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒலிக்கோப்பில் அளந்து, டேப் நேரத்தை ஆல்ப நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 0.96 வந்தால் முந்தல், 1 வந்தால் கையை எடுத்துவிடுங்கள். 'டிக் எ போனி'யும் மாடிப் பதிவுதான், ஆனால் ஆல்பத்துக்காக ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள், அளவுக்கு ஆகாது. தலைப்புப் பாட்டின் நீளத்தை ஒப்பிடவே கூடாது. படத்தில் வருவது வேறு டேக்.

முந்தல் என்று உறுதியானால் 25-ஐ 24 ஆக்கி, ஒலியையும் அதே விகிதத்தில் ரீசாம்பிள் செய்யுங்கள். 'டெம்போ மட்டும்' மாற்றுகிற வசதியைத் தொட்டால் வேகம் சரியாகிச் சுருதி ஏறியபடியே நிற்கும், டிரம் ஓசையும் நசுங்கும்.

உங்கள் நகல் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) கேசட்டிலிருந்து மாற்றி எடுத்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் வேகம் சரியாகவே இருக்கும், ஆனால் கேமரா நகரும் இடங்களில் இரட்டை நிழல் தெரியும். மாற்றுக் கருவி பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்ததன் விளைவு அது. அதைப் பிரிக்க முடியாது, நேரத்தை வீணாக்காதீர்கள்.

படம் மோனோ. டெக்கில் ஹை-ஃபை, சாதாரணம் என்று இரண்டு ஒலித்தடம் இருந்தால் இரண்டையும் கேளுங்கள். நகலின் ஹை-ஃபை தடத்தில் அடிக்கடி 'கர்ர்' என்று வந்தால் சாதாரணத் தடமே மேல். அதில் உச்ச ஓசை குறையும், ஆனால் தொடர்ச்சி இருக்கும். இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி என்றால் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டையும் கூட்டினால் நுண்ணிய நேர வித்தியாசத்தில் சிம்பல் மங்கும்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புதுப் பதிப்பில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு, ஒரே தடத்தில் கலந்து கிடந்த ஒலிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் 'மால்' என்ற ஜாக்சன் குழுவின் மென்பொருள்தான் காரணம். கேசட் ஒலியை ஈக்வலைசர் வைத்து அந்த இடத்துக்குக் கொண்டுவர முயன்றால் இரைச்சல்தான் கூடும்.

மாடிக்கச்சேரி:

எல்லோருக்கும் நன்றி. அளந்தேன், 0.96. ஒரு சந்தேகம்: பழைய முகம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகத்தைத் திருத்துவது சரியா?

சுருதிப்பெட்டி:

பாதுகாப்புப் பிரதியில் திருத்தாதீர்கள், 25-லேயே இருக்கட்டும். பார்க்கும் பிரதியை மட்டும் 24-க்கு இறக்குங்கள். கோப்பின் பெயரிலேயே வேகத்தை எழுதிவையுங்கள், இல்லையென்றால் நாளைக்கு யாராவது திருத்தியதையே மறுபடி திருத்துவார்கள்.

டெக்ஹெட்:

பாதுகாப்புப் பிரதியை எஃப்எஃப்வி1 கோடெக்கில், எம்கேவி கோப்பாக மாற்றுங்கள். ஒரு பிட்டும் குறையாது, ஹஃப்யுவ்வைவிட இடமும் மிச்சம். இரண்டு வேறு வட்டுகளில் வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுக்கச் சுற்றி, படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள்.