நர்சிங் சேரும் முன் ஒரே செமஸ்டரில் 14 கிரெடிட்: எடுக்கலாமா? (டெக்சாஸ்)

கேட்டிவாசி கேட்டது:

வணக்கம். டெக்சாஸில் கம்யூனிட்டி காலேஜ் வழியா ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகணும், அதுக்கு இரண்டு வருட ஏ.டி.என். (நர்சிங் அசோசியேட் பட்டம்) படிப்புக்கு விண்ணப்பிக்கப் போறேன். முன்தகுதிப் பாடங்கள்ல இங்கிலீஷ் காம்போசிஷன் மட்டும் முடிஞ்சிருக்கு, ‘ஏ’ கிரேடு. பாக்கி: அனாடமி அண்ட் ஃபிசியாலஜி (உடற்கூறு, உடலியங்கியல்) 1, 2, மைக்ரோபயாலஜி, லைஃப்ஸ்பான் சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

வாரம் 24 மணி நேரம் பார்மசியில் வேலை. நாலு வயசுக் குழந்தை. கிரீன் கார்டு, பெல் கிராண்ட் (மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை) வருது. மனசில் இருக்கிற ரெண்டு காலேஜில் ஒண்ணுக்குக் கடைசித் தேதி பிப்ரவரி 28, இன்னொண்ணுக்கு ஜூன் 1. ரெண்டுலயும் தேவையான பாடமெல்லாம் அந்தத் தேதிக்குள்ள முடிஞ்சிருக்கணும்.

ஃபால்ல (ஆகஸ்ட்–டிசம்பர்) அனாடமி 1, மைக்ரோ, லைஃப்ஸ்பான், ஸ்டாட்ஸ் நாலையும் (14 கிரெடிட்) போட்டுட்டு, ஸ்பிரிங்ல (ஜனவரி–மே) அனாடமி 2 மட்டும் எடுக்கலாம்னு திட்டம். அட்வைசர் “12 கிரெடிட் இருந்தாலே ஃபுல் டைம், 14 ஒண்ணும் அதிகம் இல்லை”ன்னு சொல்றார். சரியா? குறைச்சு எடுத்தா பெல் கிராண்ட் போயிடுமா?

நுண்ணோக்கி பதில்:

முதல்ல தேதியைப் பாருங்க, கிரெடிட்டை அப்புறம் பாக்கலாம். அனாடமி 1 முடிச்சாத்தான் அனாடமி 2. ரெண்டுக்கும் தனித்தனி செமஸ்டர் வேணும். அதாவது நீங்க ஃபால்ல 14 எடுத்தாலும் 7 எடுத்தாலும் எல்லாம் முடியறது மே மாத நடுவுலதான். பிப்ரவரி 28 எப்படியும் கைக்கு எட்டாது. ஜூன் 1-ஐ ரெண்டு வழியிலும் பிடிச்சிடலாம். அப்போ அந்தக் கூடுதல் சுமையால உங்களுக்கு ஒரு நாள்கூட மிச்சமாகலை.

அடுத்து மணிக்கணக்கு. டெக்சாஸ் பாட எண்ணில் இரண்டாவது இலக்கம்தான் கிரெடிட். பயாலஜி 2401, 2402 (அனாடமி), 2420 (மைக்ரோ) மூணும் நாலு கிரெடிட். 16 வார செமஸ்டர்ல ஒவ்வொண்ணுக்கும் வாரம் 3 மணி வகுப்பு, பெரும்பாலும் 3 மணி லேப். வீட்டில் படிக்க 8–10 மணி. ஆக சுமார் 15. லைஃப்ஸ்பான், ஸ்டாட்ஸ் தலா 9. உங்க திட்டப்படி படிப்புக்கு 48, வேலைக்கு 24, மொத்தம் 72. தினம் 7 மணி தூங்கினா அது 49. வாரத்தோட 168 மணியில் மிச்சம் 47. குழந்தை, சமையல், கார் ஓட்டற நேரம் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். ஒரு வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா, முதல்ல அடிபடறது லேப் தேர்வுதான்.

கிரேடு அடிபட்டா என்ன ஆகும்? இங்கிலீஷ், லைஃப்ஸ்பான், மூணு அறிவியல் பாடம் சேர்த்து 18 கிரெடிட். எல்லாம் ‘ஏ’ன்னா கிரேடு சராசரி (ஜி.பி.ஏ.) 4.0. ஒரு அறிவியல் பாடத்தில் ‘பி’ வந்தா 3.78. ஒண்ணுல ‘சி’ வந்தா 3.56. ரெண்டுல ‘சி’ன்னா 3.11. மதிப்பெண் வரிசைப்படி இடம் கொடுக்கற காலேஜில் 3.78-க்கும் 3.11-க்கும் நடுவே நிறைய பேர் நிப்பாங்க. திரும்ப எடுத்துச் சரிபண்ணலாம்னு நம்பி இறங்காதீங்க. அறிவியல் பாடத்தை ஒரு தடவைக்கு மேல திரும்ப எடுத்தா ஏத்துக்காத நர்சிங் துறைகள் உண்டு. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் அதே பாடத்தை மூணாவது தடவை எடுத்தா கட்டணமும் பொதுவா கூடும்.

என் யோசனை: ஃபால்ல அனாடமி 1 + லைஃப்ஸ்பான் (7). ஸ்பிரிங்ல அனாடமி 2 + மைக்ரோ (8). ஸ்டாட்ஸை இப்போ விடுங்க. ஏ.டி.என்.னுக்கு அதைக் கேக்காத காலேஜ்தான் நிறைய. பின்னாடி பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலைப் பட்டம்) போகும்போது தேவைப்படும், அப்போ எடுத்துக்கலாம். உங்க காலேஜ் பட்டியலை மட்டும் ஒரு தடவை சரிபாத்துக்குங்க.

கிராண்ட்கணக்கு பதில்:

பெல் கிராண்ட் பற்றி. 2024–25 முதல் அது எடுக்கும் கிரெடிட்டுக்கு நேர் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. 12-க்கு முழுத்தொகை, 7-க்கு 58 சதவீதம், 8-க்கு 67 சதவீதம். தொகை குறையும், ஆனால் ஆயுள் வரம்பிலிருந்தும் (ஒருவர் வாழ்நாளில் மொத்தமாகப் பெறக்கூடிய பெல் உதவியின் அளவு) அதே அளவுதான் கழியும். நர்சிங் தொடங்கிய பிறகு வேலை நேரத்தைக் குறைக்க வேண்டிவரும், அப்போது இந்த மிச்சம் கைகொடுக்கும்.

உண்மையில் உதவித்தொகைக்கு ஆபத்து அதிகம் எடுத்துப் பாதியில் விடுவதில்தான். ‘திருப்திகரமான முன்னேற்றம்’ என்ற விதிப்படி பதிவு செய்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் அளவு. நீங்கள் முடித்த 3, ஃபாலில் 14, மொத்தம் 17 பதிவு. இரண்டு லேப் பாடத்தையும் விட்டால் முடித்தது 9. அது 53 சதவீதம். முதலில் எச்சரிக்கை வரும், அடுத்த செமஸ்டரும் சரியாகவில்லை என்றால் உதவி நிற்கும்.

இன்னொன்று, டெக்சாஸுக்கே உரிய விதி: 2007 ஃபால் முதல் சேர்ந்தவர்கள் அரசுக் கல்லூரிகளில் மொத்தம் ஆறு பாடம்தான் இடையில் விடலாம். 16 வார செமஸ்டரில் 12-ஆம் வகுப்பு நாளுக்கு முன் விட்டால் அது கணக்கில் சேராது, மதிப்பெண் பட்டியலிலும் வராது. அதற்குப் பிறகு விட்டால் பட்டியலில் ‘டபிள்யூ’ (விலகியதற்கான குறி) விழும். சிக்கல் என்னவென்றால், அனாடமியின் முதல் பெரிய தேர்வு அநேகமாக அந்த நாளுக்குப் பிறகுதான் வரும். அதனால் பதிவு செய்யும் முன்பே அதே ஆசிரியரின் போன செமஸ்டர் பாடத்திட்டத்தைப் படித்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகள் அதை இணையத்தில் வைக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டமே இருக்கிறது. இரண்டு பாடத்தின் தேர்வு வாரங்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே மோதுகிறது என்பது அப்போதே தெரியும்.

கேட்டிவாசி:

ரொம்ப நன்றி, தேதிக் கணக்கை நான் அப்படி யோசிக்கவே இல்லை. ஒரு சந்தேகம். ஃபால்ல முதல் 8 வாரம் அனாடமி 1, அடுத்த 8 வாரம் அனாடமி 2-ன்னு வகுப்பு இருக்கு. அப்படிப் போனா பிப்ரவரியையும் பிடிக்கலாமே?

நுண்ணோக்கி பதில்:

8 வாரத்தில் அதே பாடம்னா வாரத்துக்கு 12 மணி வகுப்பும் லேப்பும், படிக்க 16–20. ஒரே பாடத்துக்கே 30 மணி ஆகுது. வேலையோட 54. நேரத்தை மட்டும் பாத்தா முடியும். ஆனா பிப்ரவரிக்கு மைக்ரோவும் முடிஞ்சிருக்கணும், அதுவும் ஃபால்லயே சேர்ந்தா 69. வேண்டாம்.

நேரத்தைவிட அனாடமி 1 மனசில் பதியற விதம்தான் இங்க முக்கியம். லேப் தேர்வில் மேசை மேசையா மாதிரி உருவம் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் குண்டூசி. ஒண்ணு ரெண்டு நிமிஷத்தில் பேர் எழுதிட்டு நகரணும். எழுத்துப்பிழைக்கும் மார்க் குறையும். மேல்கை எலும்பு ஹியூமரஸை எடுத்துக்குங்க: உருண்டைத் தலை உடம்பின் நடுவைப் பாக்கணும், ஒலிக்ரனன் குழி பின்பக்கம் வரணும், அப்பத்தான் அது வலது கையா இடது கையான்னு சொல்ல முடியும். இதைப் படத்தில் பாத்துப் படிச்சா தேர்வில் தடுமாறும். எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கணும், நாலஞ்சு நாள் விட்டு மறுபடியும் பாக்கணும். அந்த இடைவெளி 8 வார வகுப்பில் கிடைக்காது. வாரம் ரெண்டு தடவையாவது ஓப்பன் லேப் (வகுப்பு இல்லாதப்போ நாமே போய்ப் படிக்க லேப் திறந்திருக்கற) நேரத்துக்குப் போற மாதிரி ஷிஃப்ட் வாங்குங்க.

தட்டும் திரியும் பதில்:

ஃபால் திட்டம் சரி. ஸ்பிரிங்கில் அனாடமி 2-ஐயும் மைக்ரோவையும் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் இரண்டிலும் வருவதால் ஒரு முறை படித்தது இரண்டு இடத்தில் உதவும், அது நல்லது. ஆனால் மைக்ரோ லேப் அட்டவணையில் போட்ட மூன்று மணியோடு முடிவதில்லை. கிருமி வளர்க்கும் தட்டில் அதைக் கோடு கோடாகத் தேய்த்து (‘கோடிட்டு’) இன்குபேட்டரில் வைத்தால் 24–48 மணி நேரம் கழித்துத்தான் பார்க்க முடியும். ‘அறியாத கிருமி’யைக் கண்டுபிடிக்கும் வேலை பல வாரம் ஓடும். வேறு கிருமி கலந்துவிட்டால் மறுபடி கோடிட்டுத் தனிப் புள்ளியாக வளர்த்தெடுக்க வேண்டும், அதற்குள் ஒரு வாரம் போய்விடும். கிருமிகளை ஊதா, இளஞ்சிவப்பு என்று இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமிடும்போது ஆல்கஹால் சில விநாடி கூடினாலே ஊதாவாக இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த ஒரு தவறிலிருந்து பின்னால் செய்யும் சோதனை எல்லாமே தப்பான பாதையில் போகும்.

அதனால் திங்கள்-புதன் அல்லது செவ்வாய்-வியாழன் என்று வாரம் இரண்டு நாள் பிரித்து வைத்த மைக்ரோ லேப்பைத் தேடுங்கள். திங்களன்று வைத்த தட்டைப் புதனன்று பார்த்துவிடலாம், தனியாக ஒரு நாள் போக வேண்டியதில்லை. வாரம் ஒரே நாள் லேப் என்றால், இடையில் ஒரு நாள் அரை மணியாவது வந்துபோக வழி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அனாடமி லேப்பும் மைக்ரோ லேப்பும் ஒரே நாளில் வேண்டாம். ஸ்பிரிங்குக்கு மட்டும் வேலையை 16 மணியாகக் குறைக்க முடியுமா என்று பார்மசியில் நவம்பரிலேயே பேசிவிடுங்கள்.

மூன்று அறிவியல் பாடத்தையும் தனித்தனி செமஸ்டரில் எடுக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கிரேடுக்கு அது பாதுகாப்பு, ஆனால் ஒரு விண்ணப்பச் சுற்று கைநழுவும். அறிவியல் பாடம் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்பதையும் மறக்க வேண்டாம். மேலும் நர்சிங் முதல் செமஸ்டரில் மருத்துவமனைப் பயிற்சியும் வகுப்பும் ஒரே வாரத்தில் வரும். ஸ்பிரிங்கின் அந்த 8 கிரெடிட்டைச் சமாளிக்க முடிகிறதா என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நுழைவுத்தேர்வு எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஹெசி ஏ2 என்றால் எந்தெந்தப் பகுதி வேண்டும் என்பதைக் காலேஜ்தான் தீர்மானிக்கிறது. கணக்கு, வாசிப்பு, சொல்வளம், இலக்கணம் மட்டும் கேட்டால் ஜனவரி விடுமுறையிலேயே எழுதிவிடுங்கள். அனாடமி பகுதியும் கேட்டால் அனாடமி 2 முடிந்த கையோடு, மே மூன்றாவது வாரத்தில். இடம் சீக்கிரம் நிரம்பும், மார்ச்சிலேயே தேதி பதிந்து வையுங்கள். டீஸ் என்றால் 170 கேள்வி, 209 நிமிடம். அதில் அறிவியல் 50 கேள்வி, அவற்றில் அதிகம் வருவது உடற்கூறு, உடலியங்கியல். அதையும் மேயில் வைத்துக்கொள்வதே நல்லது.

கேட்டிவாசி:

ஹெசிதான், நாலு பகுதி மட்டும். அனாடமி கேக்கலை. ஃபால்ல அனாடமி 1 + லைஃப்ஸ்பான் பதிஞ்சாச்சு, லேப் செவ்வாய் மாலை. ஸ்பிரிங் அட்டவணை வந்ததும் மைக்ரோ லேப் நாட்களை இங்க போடறேன்.