அம்மாவின் பாட்டுக் கணக்கை வேறு யாரோ பாவிக்கிறார்கள், உதவுங்கோ

வணக்கம், கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அம்மா விடிய சமைக்கும்போது பாட்டுக் கேட்கிற செயலிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். நாதஸ்வரமும் பழைய பக்திப் பாட்டும் இருந்த பட்டியலில் இப்போது பெயர் தெரியாத இசைத்துண்டுகள், ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குச் சற்றே மேல். நாங்கள் படுத்த பிறகும் அவை ஓடுகின்றன.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் 30 விநாடி ஓடினாலே ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும், அதை வைத்துப் பாட்டை ஏற்றியவருக்கு உரிமப் பணமும் போகலாம். 2024இல் அமெரிக்காவில் போலிக் கணக்குகளை வைத்து இப்படி 1 கோடி டொலருக்கு மேல் சுருட்டியதாக ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். அம்மா போலி இல்லை, அசல் ஆள். அதுதான் வசதியாகிவிட்டது போல.

கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேற்றியும் பார்த்தாச்சு. திரும்பவும் வருகிறது. கணக்கோடு இணைத்த வேறு செயலிகளின் அனுமதியையும் எடுக்க வேண்டுமா? மாதக் காசு அண்ணாவின் வங்கி அட்டையில் போகிறது, அட்டையை மாற்றுவது நல்லதா? இணையப் பாதுகாப்பு முறைப்பாடுகளைக் கவனிக்கிற இலங்கை செர்ட்டிடம் (Sri Lanka CERT) ஆராவது முறையிட்டிருந்தால், பதில் வந்ததா என்றும் சொல்லுங்கோ.

புதுக் கணக்கு திறக்கச் சொல்லாதேங்கோ, அம்மா சேர்த்த பட்டியல் எல்லாம் போய்விடும்.